ஒரே கிருமி, இருவேறு நோய்

தொழுநோய் வந்த இருவரை அடுத்தடுத்துப் பார்த்தால் இருவருக்கும் ஒரே நோய் என்று நம்புவது கடினம். முதலாமவரின் முதுகில் வெளிறிய தேமல் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தை மட்டும் தொட்டால் உணர்ச்சியில்லை; மற்றபடி ஆள் நன்றாக இருக்கிறார். தேமலிலிருந்து சிறிது தோலை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் கிருமியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. இரண்டாமவருக்குக் காது மடல்கள் தடித்திருக்கின்றன. புருவ முடி உதிர்ந்திருக்கிறது. முகத்திலும் கைகால்களிலும் தோல் முண்டும் முடிச்சுமாக எழும்பியிருக்கிறது. அவர் தோலில் கிருமிகள் கொத்துக் கொத்தாகக் குவிந்து கிடக்கின்றன.

இருவர் உடலிலும் இருப்பது மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்ற ஒரே கிருமிதான். 1873இல் நார்வேயின் பெர்கன் நகரில் அர்மாவர் ஹான்சன் கண்டுபிடித்தது. மிக மெதுவாகப் பெருகும் கிருமி இது. ஒன்று இரண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகிறது. 1966இல் ரிட்லி, ஜோப்ளிங் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளை ஐந்து படிகளில் வரிசைப்படுத்தினார்கள். நாம் பார்த்த முதலாமவர் அந்த வரிசையின் ஒரு கோடியில் நிற்கிறார், இரண்டாமவர் மறுகோடியில். பெரும்பாலானவர்கள் நடுவில் எங்கோ இருக்கிறார்கள். கிருமி தொற்றியும் நோயே வராத ஏராளமானோர் இந்த வரிசைக்குள் வருவதே இல்லை.

இரண்டாமவருக்கு எதிர்ப்பு சக்தி குறைவு என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அவர் ரத்தத்தைச் சோதித்தால் இந்தக் கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி முதலாமவருக்கு இருப்பதைவிட மிக அதிகமாக இருக்கும். பிற கிருமிகளைச் சமாளிப்பதில் அவர் உடல் பெரும்பாலும் பின்தங்குவதும் இல்லை. இந்த ஒரு கிருமிக்கு எதிராக மட்டும் அது பயன்படாத வழியொன்றில் கடுமையாக உழைத்துக்கொண்டிருக்கிறது. தொழுநோய்க் கிருமி வாழ்வது மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் செல்களின் உள்ளேயும், நரம்பைச் சுற்றியிருக்கும் செல்களின் உள்ளேயும். ஆன்டிபாடியால் உயிருள்ள செல்லுக்குள் நுழைந்து அதைப் பிடிக்க முடியாது. எவ்வளவு ஆன்டிபாடி சுரந்தாலும் வீண்.

எந்த வழியில் உழைப்பது என்பதைத் தீர்மானிக்கும் இடம் ஒன்று உடலில் இருக்கிறது. அங்கே முடிவெடுப்பவை உதவி டி செல்கள்.

இந்த வெள்ளை அணுக்களின் முக்கிய வேலை கிருமியை நேரடியாகக் கொல்வது அன்று. ஆன்டிபாடி சுரப்பதும் அவற்றின் வேலையில்லை. சைட்டோகைன்கள் என்ற சிறு புரதங்களைச் சுரந்து, அக்கம்பக்கத்துச் செல்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதே அவற்றின் தொழில். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் இவை பக்குவப்படுகின்றன. அந்தச் சுரப்பிக்கு ஒரு வேலையும் இல்லை என்றுதான் 1960 வரை மருத்துவர்கள் பலர் நினைத்திருந்தார்கள். 1961இல் ஜாக் மில்லர் என்ற ஆய்வாளர், பிறந்தவுடனேயே எலிக்குட்டிகளின் தைமஸை அகற்றிப் பார்த்தார். அவை தொற்றுகளுக்குப் பலியாயின. வேற்று எலியின் தோலை ஒட்டினால் மறுக்கவும் அவற்றால் முடியவில்லை. 1968இல் அவரும் கிரஹாம் மிட்செல்லும், ஆன்டிபாடி சுரக்கும் செல்கள் வேறு, அவற்றுக்குத் துணைநிற்கும் தைமஸ் செல்கள் வேறு என்று காட்டினார்கள். அந்தத் துணை எவ்வளவு தேவையானது என்பதை எச்.ஐ.வி. உலகுக்குக் கொடூரமாகக் கற்பித்தது. அந்த வைரஸ் தாக்குவது உதவி டி செல்களைத்தான். ஆரோக்கியமானவர் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 500 முதல் 1500 வரை இருக்கும் இச்செல்கள் 200க்குக் கீழே இறங்கும்போது, சாதாரணமாக நம்மை ஒன்றும் செய்யாத பூஞ்சைகூட உயிரைப் பறிக்கிறது.

தைமஸிலிருந்து வெளிவரும்போது உதவி டி செல்லுக்குத் தனித் தொழில் எதுவும் கிடையாது. அது அடையாளம் காணக்கூடிய புரதத் துண்டு எது என்பது மட்டும் நிர்ணயமாகியிருக்கும். குறிப்பிட்ட ஒரு துண்டை அடையாளம் காணும் செல்கள் லட்சத்தில் ஒன்றோ பத்து லட்சத்தில் ஒன்றோதான். இவ்வளவு அரிதான செல்லும் கிருமியும் சந்திப்பதற்கென்றே நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அங்கேதான் இந்தச் சந்திப்பு நடக்கிறது. தோலிலும் குடலிலும் நுரையீரலிலும் கிளைகளை விரித்தபடி இருக்கும் டென்ட்ரிடிக் செல்கள், கிருமியை விழுங்கி, துண்டு துண்டாக நறுக்கி, அந்தத் துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு நிணநீர் முடிச்சுக்கு வந்து சேர்கின்றன.

அங்கே டி செல்லுக்கு மூன்று செய்திகள் கிடைக்கின்றன. புரதத் துண்டு முதல் செய்தி. இது உண்மையான ஆபத்துதான் என்று உறுதி சொல்லும் தொடுகை இரண்டாவது. மூன்றாவதாக வருவது டென்ட்ரிடிக் செல்லும் சுற்றியுள்ள பிற செல்களும் சுரக்கும் சைட்டோகைன். இந்த மூன்றாவதில்தான் விஷயம் இருக்கிறது. புரதத் துண்டை மட்டும் வைத்து, அது புழுவிலிருந்து வந்ததா, பாக்டீரியாவிலிருந்து வந்ததா, வைரஸிலிருந்து வந்ததா என்று டி செல்லால் சொல்ல முடியாது. அது கிருமியை நேரில் பார்ப்பதேயில்லை. பார்த்தது டென்ட்ரிடிக் செல். பாக்டீரியாவின் சுவரையும் வைரஸின் மரபுப்பொருளையும் வகைபிரித்து உணரும் கருவிகள் அதனிடம் இருக்கின்றன. தான் உணர்ந்ததை அது சைட்டோகைனாக மாற்றிச் சொல்கிறது, டி செல் அதற்கேற்ற தொழிலை எடுத்துக்கொள்கிறது. உடலின் ஏற்பாடுகளில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான்.

இப்படித் தொழில் பிரிகிறது என்பதே 1986 வரை தெளிவாகத் தெரியாது. அந்த ஆண்டு, கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவிலிருந்த டி.என்.ஏ.எக்ஸ். ஆய்வகத்தில் டிம் மோஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் தம் குழுவினருடன் எலியின் உதவி டி செல்களைத் தனித்தனியே வளர்த்து, ஒவ்வொன்றும் என்ன சுரக்கிறது என்று பார்த்தார்கள். செல்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. ஒரு கட்சி இன்டர்ஃபெரான்-காமாவைச் சுரந்தது, மற்றது இன்டர்லூக்கின்-4ஐ. முதல் வகைக்கு டிஎச்1, இரண்டாவதற்கு டிஎச்2 என்று பெயரிட்டார்கள்.

டிஎச்1 சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா மேக்ரோஃபேஜை உசுப்புகிறது. தனக்குள் குடியிருக்கும் கிருமியைக் கொல்லும் வேதிப்பொருள்களை மேக்ரோஃபேஜ் அப்போதுதான் முழு வீச்சில் உற்பத்தி செய்கிறது. டிஎச்2 வேறு காரியத்துக்கானது. குடற்புழு போன்ற, எந்தச் செல்லாலும் விழுங்க முடியாத பெரிய ஒட்டுண்ணிகளை வெளியேற்ற அது குடலில் சளியைப் பெருக்குகிறது, ஈசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களை வரவழைக்கிறது, ஐஜிஇ என்ற ஆன்டிபாடியைச் சுரக்கவைக்கிறது. புழுவுக்குப் பதில் மகரந்தத்தின் மேலும் தூசியின் மேலும் இதே ஏற்பாடு பாயும்போது அதை ஒவ்வாமை என்கிறோம்.

மணல் ஈ பரப்பும் லெய்ஷ்மேனியா மேஜர் என்ற ஒட்டுண்ணியும் மேக்ரோஃபேஜுக்குள் வாழ்வது. அதை இரண்டு எலி இனங்களுக்குச் செலுத்திப் பார்த்த ஆய்வாளர்கள், தொழுநோயில் கண்ட அதே பிளவைக் கண்டார்கள். சி57 கறுப்பு எலிகளின் புண் தானாக ஆறியது. பால்ப்-சி வெள்ளை எலிகளுக்கு நோய் உடலெங்கும் பரவிக் கொன்றது. ஆறிய எலிகளில் டிஎச்1 ஓங்கியிருந்தது, இறந்தவற்றில் டிஎச்2. தொற்று ஏற்பட்ட சமயத்திலேயே வெள்ளை எலிக்கு இன்டர்லூக்கின்-4ஐத் தடுக்கும் ஆன்டிபாடி கொடுத்தால் அது பிழைத்தது. டிஎச்1 பக்கம் திருப்பும் இன்டர்லூக்கின்-12ஐக் கொடுத்தாலும் பிழைத்தது. இன்டர்லூக்கின்-12ஐக் காலம் தாழ்த்திக் கொடுத்தபோது அப்படிக் காப்பாற்ற முடியவில்லை. டி செல்கள் அதற்குள் முடிவெடுத்துவிட்டிருந்தன.

மனிதரில் இது உண்மையா என்ற கேள்விக்குத் தொழுநோயே பதில் தந்தது. 1991இல் ராபர்ட் மாட்லின், பேரி புளூம் ஆகியோரின் குழு, நோயாளிகளின் தோல் துணுக்குகளில் எந்தச் சைட்டோகைன்களுக்கான மரபணுக்கள் செயல்படுகின்றன என்று அளந்தது. கிருமி அரிதாக இருந்த தேமல்களில் இன்டர்ஃபெரான்-காமாவும் இன்டர்லூக்கின்-2ம் மேலோங்கியிருந்தன. கிருமி குவிந்திருந்த முடிச்சுகளில் இன்டர்லூக்கின்-4, 5, 10. எலியில் பார்த்த இரண்டு கட்சிகள் மனிதத் தோலிலும் இருந்தன. அதன்பின் 1996 முதல் வேறொரு திசையிலிருந்தும் சான்று வந்தது. இன்டர்ஃபெரான்-காமாவையோ இன்டர்லூக்கின்-12ஐயோ உணரும் ஏற்பியில் பிறவிக் குறையுள்ள குழந்தைகளைப் பிரான்சின் ழான்-லோரான் கசனோவா உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். மற்ற குழந்தைகளுக்குத் தோளில் ஒரு தழும்பை மட்டும் விட்டுச்செல்லும் பி.சி.ஜி. தடுப்பூசியின் வலுவிழந்த கிருமிகூட இக்குழந்தைகளின் உடலெங்கும் பரவியது.

எடுத்த முடிவை ஒரு செல் எப்படி நினைவில் வைத்திருக்கிறது? எல்லா டி செல்லிலும் எல்லா மரபணுக்களும் இருக்கின்றன. டிஎச்1 செல்லுக்குள்ளும் இன்டர்லூக்கின்-4க்கான மரபணு உண்டு. இன்டர்லூக்கின்-12 வந்து தொட்டதும் செல்லுக்குள் டி-பெட் என்ற புரதம் பெருகுகிறது. 2000ஆம் ஆண்டில் லாரி கிளிம்சரின் குழு கண்டுபிடித்த இந்தப் புரதம் டிஎச்1 மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இன்டர்லூக்கின்-4 தொட்டால் கேட்டா-3 பெருகி, டிஎச்2 மரபணுக்களை முடுக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடக்குகின்றன. டிஎச்2 செல் சுரக்கும் இன்டர்லூக்கின்-4 பக்கத்திலிருக்கும் இளம் செல்களையும் டிஎச்2 ஆக்குகிறது. டிஎச்1இன் இன்டர்ஃபெரான்-காமாவும் தன் இனத்தையே பெருக்குகிறது. முதலில் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலும் சாய்வு தானே வளர்ந்துவிடும் அமைப்பு இது. கூடவே டி.என்.ஏ.வின் அமைப்பும் மாறுகிறது. தேவைப்படும் மரபணுக்கள் இருக்கும் பகுதி தளர்ந்து திறந்துகொள்ள, வேண்டாதவை இருக்கும் பகுதி இறுகச் சுற்றிய நூல்கண்டு போல மூடிக்கொள்கிறது. செல் பிளந்து பெருகும்போது இந்தத் திறப்பும் மூடலும் வாரிசுகளுக்கும் போகின்றன. நினைவு செல்களாக ஆண்டுக்கணக்கில் தங்குபவையும் அதே சாய்வோடு தங்குகின்றன.

இரண்டே வகை என்ற கணக்கு இருபது ஆண்டுகூட நீடிக்கவில்லை. மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தன் உடலே தாக்கும் நோயை எலிகளில் உண்டாக்கி ஆராய்ந்தவர்கள், அதை டிஎச்1 செய்யும் கேடு என்றே நம்பினார்கள். அப்படியானால் இன்டர்ஃபெரான்-காமா இல்லாத எலிகளுக்கு நோய் குறைய வேண்டும்; ஆனால் கூடியது. இன்டர்லூக்கின்-12இன் ஒரு பாதியான பி40 என்ற புரதத்தை நீக்கினால் மட்டும் நோய் வரவில்லை. பல ஆண்டுகள் யாருக்கும் விளங்காமல் கிடந்த முரண் இது. 2000இல் இன்டர்லூக்கின்-23 கண்டுபிடிக்கப்பட்டது. அதே பி40 அதிலும் ஒரு பாதி! பி40ஐ நீக்கியவர்கள் தம்மையறியாமல் இரண்டு சைட்டோகைன்களையும் சேர்த்தே நீக்கியிருந்தார்கள். 2003இல் இரண்டையும் தனித்தனியே நீக்கிப் பார்த்தபோது, நோய்க்குத் தேவைப்பட்டது 23தான், 12 அன்று என்று உறுதியாயிற்று. அதற்குப் பின்னால் இருந்த புதிய வகை உதவி செல்லுக்கு, அது சுரக்கும் இன்டர்லூக்கின்-17ஐ வைத்து 2005இல் டிஎச்17 என்று பெயர் கிடைத்தது.

நரம்பைத் தின்பதற்காக அது உருவாகவில்லை. தோலிலும் வாயிலும் குடலிலும் பூஞ்சையையும், செல்லுக்கு வெளியே பெருகும் பாக்டீரியாக்களையும் தடுக்க நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை அழைத்துவருவது அதன் அன்றாட வேலை. டிஎச்17 உருவாக முடியாதபடி ஸ்டாட்-3 மரபணுவில் குறையோடு பிறப்பவர்களுக்கு வாயில் வெண்படலமும் தோலில் சீழ்க்கட்டிகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. அளவு மீறினால் வேறு துன்பம்: சோரியாசிஸில் தோல் தடித்துச் செதில் செதிலாக உதிர்வதற்கு இன்டர்லூக்கின்-17 பெரும் காரணம். அதைத் தடுக்கும் செகுகினுமாப் என்ற மருந்து 2015 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் இருக்கிறது.

அதைவிட ஆச்சரியம் 2006இல் வெளிவந்தது. ஹார்வர்டில் விஜய் குச்ரூ குழு உட்படப் பல குழுக்கள், டிஜிஎஃப்-பீட்டா என்ற சைட்டோகைனோடு அழற்சியின் அடையாளமான இன்டர்லூக்கின்-6 சேர்ந்தால் டிஎச்17 பிறப்பதைக் கண்டன. இன்டர்லூக்கின்-6 இல்லாமல் டிஜிஎஃப்-பீட்டா மட்டும் இருந்தால் அதே இளம் செல் நேர் எதிரான தொழிலை எடுக்கிறது. எல்லாவற்றையும் அடக்கி அமைதிப்படுத்தும் ஒழுங்குமுறை டி செல்லாக மாறிவிடுகிறது. ஒழுங்குமுறை செல்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதான குழந்தைகளிடம் காண்கிறோம். அவர்கள் உடல் தன் குடலையும் கணையத்தையும் தோலையும் தானே தாக்குகிறது. இச்செல்களையும் மரபணுவையும் கண்டறிந்ததற்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நிணநீர் முடிச்சுக்குள்ளேயே தங்கி, நல்ல ஆன்டிபாடி தயாரிக்க, அதைச் சுரக்கும் பி செல்களுக்கு உதவும் இன்னொரு வகையும் உண்டு. தடுப்பூசிகளால் உருவாகும் தரமான ஆன்டிபாடிகள் பெரிதும் இவற்றின் உதவியால்தான் வருகின்றன. வகைகளுக்கிடையேயான எல்லைகளும் நாம் நினைத்த அளவு கறாரானவை அல்ல. டிஎச்17ஆக இருந்த செல் பின்னர் இன்டர்ஃபெரான்-காமா சுரக்கத் தொடங்குவதும் உண்டு.

இதெல்லாம் ஆய்வகத்து விஷயம் என்று எண்ண வேண்டாம். கைக்குழந்தையோடு தனியார் மருத்துவமனைக்குப் போகும் பெற்றோரிடம், "வலியில்லாத ஊசி போடலாமா?" என்று கேட்கிறார்களே, அந்தக் கேள்விக்குள் உதவி டி செல் இருக்கிறது. கக்குவான் இருமலுக்கான பழைய தடுப்பூசியில் கொல்லப்பட்ட முழு பாக்டீரியாவும் இருக்கும். அரசு மருத்துவமனைகளில் ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் இருப்பது அதுதான். பாக்டீரியாவின் சுவர் டென்ட்ரிடிக் செல்லை நன்றாக உசுப்புவதால் காய்ச்சலும் வீக்கமும் வருகின்றன; அதே காரணத்தால் டிஎச்1, டிஎச்17 செல்கள் உருவாகின்றன. வலியில்லாத ஊசி என்பது பாக்டீரியாவின் சில புரதங்களை மட்டும் பிரித்தெடுத்து அலுமினிய உப்போடு சேர்த்தது. அது நிறைய ஆன்டிபாடியைத் தருகிறது, ஆனால் செல்களை டிஎச்2 பக்கம் சாய்க்கிறது.

அமெரிக்கா 1990களில் முழுமையாகப் புதிய ஊசிக்கு மாறியது. 2012இல் அங்கே 48,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கக்குவான் வந்தது. 1955க்குப் பிறகு அதுவே அதிகம். கண்டறியும் சோதனைகள் மேம்பட்டதும் ஒரு காரணம்தான். ஆனால் புதிய ஊசியின் காப்பு சில ஆண்டுகளிலேயே தேய்கிறது என்பதும் உறுதியாகியிருக்கிறது. 2014இல் வெளியான ஆய்வில், புதிய ஊசி போட்ட பபூன் குரங்குகளுக்கு நோய் வரவில்லை, ஆனால் கிருமி அவற்றின் தொண்டையில் வாரக்கணக்கில் தங்கி மற்ற குரங்குகளுக்கும் பரவியது. பழைய ஊசி போட்டவை கிருமியை விரைவாக வெளியேற்றின. மனிதரிலும், குழந்தைப் பருவத்தில் எந்த ஊசியால் தொடங்கினார்களோ அந்தச் சாய்வு, பல ஆண்டுகள் கழித்து ஊக்க ஊசி போட்டபோதும் அவர்களின் டி செல்களில் தெரிகிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் முன்பு முதல் மூன்று தவணைக்கு முழு பாக்டீரியா ஊசியைப் பரிந்துரைத்திருந்ததற்கு இந்த அனுபவமும் காரணம். புதிய ஊசியும் கடுமையான நோயிலிருந்து குழந்தையைக் காக்கிறது. எந்த ஊசியும் போடாமலிருப்பதோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆனாலும் ஒருநாள் காய்ச்சலுக்குப் பயந்து முதல் தவணைகளை மாற்றிக்கொள்வது நல்ல பேரம் இல்லை என்பதே என் கருத்து.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று விற்கப்படும் பொடிகளையும் பானங்களையும் பற்றி என்னிடம் கேட்பவர்களுக்கு நான் திருப்பிக் கேட்பது, எதைக் கூட்டும் என்றுதான். டிஎச்2ஐக் கூட்டினால் ஆஸ்துமாக்காரர் தவிப்பார், டிஎச்17ஐக் கூட்டினால் சோரியாசிஸ்காரர் தவிப்பார். ஒழுங்குமுறை செல்களைக் கூட்டினால் புற்றுநோய் அவற்றின் மறைவில் வளரும். கூட்டுவது, குறைப்பது என்ற அளவுகோலே இங்கே பொருந்தாது.

தொழுநோயிலும் அப்படித்தான். வரிசையின் நடுவில் நிற்கும் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில், அடங்கியிருந்த டிஎச்1 திடீரென விழித்துக்கொள்வதுண்டு. கிருமியை ஒழிக்கச் சரியான வகை அதுதான். ஆனால் கிருமி ஒளிந்திருப்பது நரம்பில். தேமல்கள் சிவந்து வீங்குகின்றன, முழங்கையிலும் கணுக்காலிலும் நரம்பு புடைத்து வலிக்கிறது, சில நாள்களிலேயே விரல் மடங்கிப்போகலாம், பாதம் தொங்கிப்போகலாம். விரல்களைக் கிருமி அரித்துவிடுகிறது என்று காலங்காலமாக நம்பப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றத் தொடங்கிய பால் பிராண்ட், உணர்ச்சியற்ற கை தன்னையறியாமல் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் அழிவதைக் கண்டு சொன்னார். நரம்பைக் காப்பாற்றிவிட்டால் கை பிழைக்கும். ஆகவே இந்த நிலையில் மருத்துவர்கள் கிருமிக்கான மருந்தை நிறுத்தாமலேயே பிரெட்னிசோலோன் கொடுத்து உதவி டி செல்களின் வேகத்தைத் தணிக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது உணர்ச்சியில்லாத தேமல் இருந்தால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கூட்டு மருந்து அங்கே இலவசம், நோய் முழுமையாகக் குணமாகும். ஏற்கெனவே மருந்து எடுத்துக்கொண்டிருப்பவருக்குத் தேமல் சிவந்து நரம்பு வலித்தால், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிறுத்திவிட வேண்டாம். அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் கடந்தால் போன உணர்ச்சி திரும்பாமலே போகலாம்.